ஆடையும் ஆட்சியும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஒருவரைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணத்தில் சரிபாதியை அவர் உடுத்திருக்கும் உடையே தந்துவிடுகிறது என்பது இதன் கருத்து. நீதிபதியின் கறுப்பு அங்கியும், காவலரின் காக்கிச் சட்டையும், துறவியின் காவியும் வாய் திறவாமலே பேசுகின்றன. அவற்றை உடுத்தியவர் இன்னார், அவர்க்குரிய அதிகாரம் இவ்வளவு, அவரிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை இது என்று அவை நமக்கு அறிவிக்கின்றன. ஆகவே, ஆடை என்பது மானத்தைக் காப்பது மட்டுமன்று. அஃது ஒரு மொழியும் ஆகும்.

இம்மொழியை அரசியல் தலைவர்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர், குறிப்பாகப் பெண் தலைவர்களைப் பற்றி மக்கள் கொள்ளும் எண்ணத்தை அவர்களுடைய உடை எவ்வாறு உருவாக்குகிறது என்பதைக் குறித்து இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். இதனைப் பொழுது போக்கும் பேச்சென்று எண்ணிவிட வேண்டா. வாக்களிக்கும் உரிமையைப் பெற்றோரும் விரைவில் பெறவிருப்போரும் ஆகிய மாணவ மாணவியர் ஆராய்ந்து தெளிய வேண்டிய செய்தி இது.

முதலில் ஒரு கேள்வி. ஓர் ஆண் அமைச்சர் நேற்று என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? பெரும்பாலோரால் இயலாது. ஒரு பெண் அமைச்சரைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டால், புடவையின் நிறம் முதல் காதணியின் வடிவம் வரை விடை வந்துவிடும். இந்த வேறுபாடு ஏன்? பெண்கள் ஆடையில் ஆர்வம் உடையவர்கள், அதனால் பிறரும் அதனையே பார்க்கின்றனர் என்று சிலர் கூறுவர். அது மேற்போக்கான விடை. உண்மையான காரணம் வரலாற்றில் இருக்கிறது.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்களின் உடை படிப்படியாக ஒரே தன்மையை அடைந்தது. கருநிறக் கோட்டும் கால்சட்டையும் வணிகருக்கும் வழக்கறிஞருக்கும் அமைச்சருக்கும் பொதுவாயின. அரசாங்க அலுவல் என்பது அந்த உடையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. எல்லாரும் ஒன்றையே உடுத்தும்போது அதனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால், ஆட்சிப் பதவிகள் உருவான காலத்தில் அவற்றில் பெண்களுக்கு இடமில்லை. ஆதலின் அவர்களுக்கென்று ஓர் அலுவல் உடையும் உருவாகவில்லை. பின்னாளில் பெண்கள் அப்பதவிகளுக்கு வந்தபோது, எதை உடுத்தினாலும் அது புதுமையாகவே தோன்றிற்று. ஆடவர் போல் உடுத்தினால் பெண்மை இல்லை என்றனர். அழகாக உடுத்தினால் ஆழம் இல்லை என்றனர். எளிமையாக உடுத்தினால் பகட்டான எளிமை என்றனர். எதை உடுத்தினாலும் அதற்கொரு பொருள் கூறப்படும் நிலை பெண் தலைவருக்கு மட்டும் வாய்த்தது.

இதனை நன்கு உணர்ந்தவர் இங்கிலாந்தின் நான்சி ஆஸ்டர் அம்மையார். 1919-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் உறுப்பினராக அமர்ந்த முதற் பெண்மணி அவர். பெருஞ்செல்வர், விலையுயர்ந்த ஆடைகளுக்கு அவரிடம் குறைவில்லை. எனினும் சபைக்கு அவர் உடுத்திச் சென்றது கருநிற உடுப்பும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமே ஆகும். ஆண்கள் நிறைந்த அவையில் சீருடை போன்ற ஓர் உடையை அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். ஆடையைப் பற்றிய பேச்சுக்கு இடம் கொடாத ஆடை அது.

ஆடையை மறைத்து வைப்பது ஒரு வழியானால், அதனையே ஆயுதமாக ஏந்துவது மற்றொரு வழி. அவ்வழிக்கு அவருக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று உண்டு. 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத்து அரசியார், மணம் புரியாமல் தனித்து ஆண்டவர். பெண் ஒருத்தி நாடாள்வதா என்று ஐயுற்ற காலம் அது. முத்துகள் பதித்த பேராடைகளும், விரிந்த கழுத்துச் சுருக்கணிகளும் அவரை மானிடப் பெண்ணாகக் காட்டாமல், அரசே உருவெடுத்து வந்தாற்போலக் காட்டின. ஸ்பெயின் நாட்டுக் கடற்படையை 1588-இல் வென்றதன் நினைவாகத் தீட்டப்பட்ட ஓவியத்தில் அவருடைய கை உலக உருண்டையின்மேல் படிந்திருப்பதைக் காணலாம். யார் எந்தத் துணியை உடுத்தலாம் என்பதற்கு அவர் காலத்தில் சட்டமே இருந்தது. ஊதாநிறப் பட்டு அரச குடும்பத்தார்க்கே உரியதாய் இருந்தது. ஆடைக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக வேறெது உணர்த்தும்?

முடியரசில் மக்களின் வாக்கைப் பெற வேண்டிய தேவை இல்லை. குடியரசு முறையிலோ தலைவர் மக்களுக்கு அயலாராகவும் தோன்றக் கூடாது. அவர்களில் ஒருவராக மட்டும் தோன்றினாலும் போதாது. இந்தக் கத்திமேல் நடையை நெடுங்காலம் நடந்து காட்டியவர் மார்கரெட் தாட்சர் அம்மையார். அவர் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

தாட்சர் அம்மையார் 1925-ஆம் ஆண்டு கிராந்தம் என்னும் சிற்றூரில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தார். அவருடைய தாயார் தையற் கலை அறிந்தவர். எனவே, துணியின் தரத்தையும் தையலின் நேர்த்தியையும் மதிப்பிடும் அறிவு அவருக்கு இளமையிலேயே கிடைத்தது. 1970-இல் அவர் கல்வி அமைச்சரானார். ஏழு வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கிய பாலை அவர் நிறுத்தியபோது, "பால் பறிப்பவர்" என்று நாடெங்கும் இகழப்பட்டார். அக்காலத்தில் கட்சி மாநாடுகளில் அவர் அணிந்த தொப்பிகளும் ஆடம்பரமான உடைகளும் அந்த இகழ்ச்சிக்குத் துணை செய்தன. ஏழைகளின் துன்பம் அறியாத, வசதி மிக்க சீமாட்டி என்ற தோற்றத்தை அவை அவருக்கு அளித்தன. கடைக்காரர் மகள் என்ற உண்மை அந்தத் தொப்பியின் கீழ் மறைந்துபோயிற்று.

1975-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவரானார். தொலைக்காட்சித் துறையில் பழகிய கார்டன் ரீஸ் என்பவர் அவருக்கு ஆலோசகராக வாய்த்தார். ரீஸின் அறிவுரைப்படி குரல் தாழ்ந்தது, தலைமயிர் ஒழுங்குற்றது, தொப்பி விலகிற்று. இதன் காரணத்தை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். மேடையில் நிற்கும் தலைவரை மக்கள் தொலைவிலிருந்து முழு உருவமாகக் காண்கின்றனர். தொலைக்காட்சியோ பெரும்பாலும் முகத்தையும் தோளையும் மட்டுமே காட்டுகிறது. நெருக்கமான கோடுகளும் கட்டங்களும் திரையில் நெளிந்து கண்ணை உறுத்தும். அசையும் அணிகள் பேச்சிலிருந்து கவனத்தைப் பிரிக்கும். ஆகவே, ஒரே நிறமுடைய, தோள் அமைப்பு உறுதியாகத் தைக்கப்பட்ட உடுப்பு தேவையாயிற்று. அதன் கடுமையைக் குறைக்கக் கழுத்தருகே நாடாவால் முடிச்சிட்ட மெல்லிய சட்டை உடன் வந்தது. தோள் உறுதியைக் கூறிற்று. கழுத்து மென்மையைக் கூறிற்று. பெண் தலைவரிடம் மக்கள் எதிர்பார்த்த இரண்டு முரண்பட்ட பண்புகளையும் ஓர் உடையே தாங்கி நின்றது.

எல்லா அறிவுரைகளையும் அவர் ஏற்றுக்கொண்டார் அல்லர். முத்துமாலையைக் கைவிடுமாறு கூறப்பட்டபோது உறுதியாக மறுத்துவிட்டார். 1953-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது அவர் கணவர் அன்போடு அளித்த மாலை அது. நாளடைவில் அம்மாலையே அவருடைய அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

1976-ஆம் ஆண்டு சனவரியில் சோவியத்து நாட்டுப் படைத்துறை ஏடான "செந்தாரகை", அவரை இழித்துக் கூறும் கருத்தோடு "இரும்புப் பெண்மணி" என்று எழுதிற்று. வேறொருவராயின் சினந்திருப்பர், அல்லது வாளா இருந்திருப்பர். அவரோ ஒரு வாரத்துக்குள் தம் தொகுதியில் நடந்த விருந்தில் எழுந்து, செந்நிற மெல்லாடை உடுத்து, முகத்துக்கு ஒப்பனை செய்து, கூந்தலை அலையலையாக அமைத்துக்கொண்டு மேலை நாட்டு இரும்புப் பெண்மணி இதோ உங்கள்முன் நிற்கிறேன் என்னும் கருத்துப்படப் பேசினார். அவையோர் நகைத்தனர். பகைவர் எறிந்த கல்லை எடுத்துத் தம் வீட்டுக்கு அடித்தளமாக இட்டுக்கொண்ட திறம் அது. உள்ளம் இரும்பாயினும் உடுப்பு மென்மையே என்னும் முரணை அவர் மறைக்கவில்லை; அதனையே தம் வலிமையாக்கினார்.

1979-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிரதமராகத் தம் அலுவல் இல்லத்துக்குள் நுழைந்தபோது அவர் உடுத்தியிருந்தது தம் கட்சியின் நிறமான நீல உடை. அதன்பின் அவருடைய கைப்பை புகழ்பெற்றது. ஆண் அமைச்சர்கள் தோல் பெட்டிகளோடு வந்தனர். அவர் கைப்பையோடு வந்தார். அதிலிருந்து குறிப்புத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்து வாதாடுவார். எதிரியை ஈவிரக்கமின்றிச் சொல்லால் தாக்குவதற்கு, "கைப்பை" என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லே வினைச்சொல்லாகி அகராதியிலும் ஏறிவிட்டது. பெண்ணின் பலவீனத்துக்கு அறிகுறியெனக் கருதப்பட்ட ஒரு பொருள் அதிகாரத்தின் அறிகுறியாக மாறிய விந்தை இது. அவருடைய கைப்பைகளுள் ஒன்று 2011-இல் அறப்பணிக்கென ஏலம் விடப்பட்டபோது 25,000 பவுனுக்கு விற்றது.

உடை வெறும் அலங்காரம் அன்று என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 1984-இல் நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள் விடியற்காலையில், பிரைட்டன் நகரில் கட்சி மாநாட்டுக்காக அவர் தங்கியிருந்த விடுதியில் அயர்லாந்துக் குடியரசுப் படையினரின் குண்டு வெடித்தது. ஐவர் உயிரிழந்தனர். இருள் நீங்குமுன் அம்மையார் விருந்துடையைக் களைந்து நீல உடுப்பை உடுத்து வெளியேறினார். உடுத்திய இரவு உடையோடு தப்பி வந்த பிரதிநிதிகளுக்காக அவ்வூர்த் துணிக்கடை ஒன்று வழக்கமான நேரத்துக்கு முன்பே திறக்கப்பட்டது. காலை ஒன்பதரை மணிக்கு மாநாடு குறித்தபடியே தொடங்கிற்று. சாம்பலும் புழுதியும் படிந்த இரவுடையோடு அவர்கள் மேடை ஏறியிருந்தால் உலகம் கண்டிருக்கும் காட்சி வேறு. ஒழுங்காக உடுத்திய தலைவர்களைக் கண்டபோது, அரசு நிலைகுலையவில்லை என்பதை மக்கள் அவர்கள் பேசுமுன்பே அறிந்துகொண்டனர்.

மூன்றாண்டுகள் சென்று, 1987-இல் அவர் மாஸ்கோவுக்குச் சென்றபோது அவர் அணிந்த நீண்ட மேலங்கியும் மென்மயிர்த் தொப்பியும் உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. முன்னர்ப் பழியைத் தேடித் தந்தது தொப்பி. இப்போது பெருமையைத் தேடித் தந்ததும் தொப்பியே! பொருள் மாறவில்லை, அணிந்தவரின் நிலையும் இடமும் மாறின. ஆடையின் சொற்களுக்கு அகராதிப் பொருள் என்று ஒன்றில்லை. சூழ்நிலையே அவற்றுக்குப் பொருள் தருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசியலில் ஆடை பெற்ற இடம் வேறெந்த நாட்டிலும் பெற்றிருக்குமா என்பது ஐயமே. அயல்நாட்டுத் துணியை எரித்ததும் கதரை உடுத்ததும் விடுதலைப் போரின் பகுதிகள். 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் மதுரை மாநகரில்தான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து முழங்கால் அளவு துண்டுக்கு மாறினார். அந்தச் சூழலில் வளர்ந்தவர் இந்திரா காந்தி அம்மையார். 1942-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்த தம் திருமணத்தில் அவர் உடுத்தியது, அவருடைய தந்தையார் நேரு சிறையில் இருந்து நூற்ற நூலால் நெய்த கதர்ப் புடவை. பட்டும் சரிகையும் வாங்க இயலாத குடும்பமன்று அது. ஆயினும் சிறையில் நூற்ற ஒரு புடவை, நூறு பட்டுப் புடவைகளால் கூற முடியாத செய்தியைக் கூறிற்று.

1966-ஆம் ஆண்டு சனவரியில் அவர் பிரதமரானபோது, பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் அவரை ஊமைப் பொம்மை என்று எள்ளினர். அவர் அதற்காக ஆடவர் உடைக்கு மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை. மேலை நாட்டுப் பெண்ணுக்கு அலுவல் உடை இல்லாதிருந்தது போன்ற குறை இந்தியப் பெண்ணுக்கு இல்லை. குடிசையிலும் மாளிகையிலும் உடுத்தும் புடவை இங்கே இருந்தது. பல மாநிலங்களின் கைத்தறிப் புடவைகளை அவர் உடுத்தினார். எங்குச் சென்றாரோ அங்குள்ள நெசவை அணிந்து அம்மக்களுக்கு முன் நின்றார். வடநாட்டுச் சிற்றூர்களில் புடவைத் தலைப்பைத் தலைமேல் இட்டுக்கொண்டார். ஒரே முழத்துணி ஒருபால் குடும்பப் பெண்ணையும், மற்றொருபால் நாட்டின் தலைவியையும் காட்டிற்று. 1960-இல் உலகின் முதற் பெண் பிரதமரான இலங்கையின் சிரிமாவோ பண்டாரநாயகா அம்மையாரும் கண்டி நாட்டு முறையில் புடவை உடுத்தித் தம் மக்களின் மரபைத் தம்மோடு கொண்டு நடந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1984 அக்டோபர் 31-ஆம் நாள் இந்திரா அம்மையார் சுடப்பட்டு உயிர் துறந்தபோது உடுத்தியிருந்த புடவை, புது தில்லியில் அவர் வாழ்ந்த இல்லத்திலுள்ள நினைவுக் காட்சிச்சாலையில் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் நிற்போர் பேச்சற்று நிற்கின்றனர். திருமணப் புடவையில் தொடங்கிய பொதுவாழ்க்கை அப்புடவையில் முடிந்தது.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, ஆடையே அரசியல் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் பல்லாண்டுகளாக வரலாறு கற்பித்து வருகிறேன். ஒரு முறை வகுப்பில், தாட்சர் அம்மையாரைப் பற்றி நினைவுக்கு வருவதை எழுதுங்கள் என்றேன். கைப்பையைப் பலர் எழுதினர். முத்துமாலையைச் சிலர் எழுதினர். 1982-இல் அவருடைய ஆட்சியில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியதை எழுதியவர் ஒருவரே. இந்திரா அம்மையாரின் கைத்தறிப் புடவையை அறிந்த எல்லாரும், 1975 சூனில் நெருக்கடி நிலையை அறிவித்து உரிமைகளை முடக்கியவரும் அவரே என்பதை உடன் எண்ணுவதில்லை. எளிய புடவை எளிய ஆட்சிக்கு உறுதிமொழி ஆகாது. உடையின் மொழியைப் படிக்கத் தெரியாதவன் அதனிடம் ஏமாறுவான். படிக்கத் தெரிந்தவனோ அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்னும் இரண்டையும் காண்பான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான ஆங்கெலா மெர்க்கல் அம்மையார், ஆஸ்லோ நகர இசை நாடக மாளிகையின் திறப்பு விழாவுக்குக் கழுத்துத் தாழ்ந்த மாலையுடை ஒன்றை அணிந்து சென்றார். பல நாட்டு ஏடுகளும் அவ்வுடையைப் பற்றியே எழுதின. பதினாறு ஆண்டுகள் ஆண்ட அவர், ஏறத்தாழ ஒரே வெட்டில் தைத்த மேற்சட்டைகளைப் பல நிறங்களில் மாற்றி மாற்றி அணிந்ததன் காரணம் இப்போது விளங்கும். 2017 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் வேளையில், பிரிட்டிஷ் பிரதமரும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரும் சந்தித்தனர். இருவரும் பெண்கள். ஒரு நாட்டின் எதிர்காலம் பேசப்பட்ட அந்தச் சந்திப்பைப் பற்றி லண்டன் நாளிதழ் ஒன்று தன் முதற்பக்கத்தில் எழுதியது அவர்களுடைய கால்களைப் பற்றி!

ஆண் தலைவர்களின் உடையும் பேசப்பட்டதுண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. காந்தியடிகளின் அரையாடையைச் சர்ச்சில் 1931-இல் இகழ்ந்தார். ஆனால், காந்தியடிகள் ஒரு கொள்கைக்காக அவ்வுடையைத் தேர்ந்தார். அதனைப் பிறர் பேச வேண்டும் என்பதும் அவர் கருத்தே. பேசாதிருக்க வேண்டுமானால் மற்றவர்களைப் போல் உடுத்தியிருந்தால் போதும். அந்தப் புகலிடம் பெண் தலைவருக்கு இல்லை என்பதே வேறுபாடு.

ஆகவே, மாணவ மாணவியரே, ஒரு தலைவியின் படத்தை ஏட்டிலோ திரையிலோ காணும்போது மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த உடை எனக்கு எதைக் கூற முயல்கிறது? அவருடைய செயல்கள் அதனை மெய்ப்பிக்கின்றனவா? இதே இடத்தில் ஓர் ஆண் நின்றிருந்தால் அவர் உடையைப் பற்றி இவ்வாறு எழுதியிருப்பார்களா? முதற்கேள்வி உங்களுக்குக் கூர்மையைத் தரும். இரண்டாவது ஏமாறாமல் காக்கும். மூன்றாவது நடுவுநிலைமையைக் கற்பிக்கும்.

உங்களுள் சில மாணவியர் நாளை சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் அமரக்கூடும். அன்று நீங்கள் என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்பதை உலகம் பார்க்கவே செய்யும். ஆனால், நீங்கள் எழுந்து பேசத் தொடங்கும்போது, அவையிலிருப்போர் கண்ணால் பார்ப்பதை நிறுத்திக் காதால் கேட்கத் தொடங்க வேண்டும். அதற்குரிய கல்வியையும் துணிவையும் இப்போதே தேடிக்கொள்ளுங்கள்.